தட்டில் வடிந்த தண்ணீர்

ஆறு புள்ளி ஒன்பது!

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஆறு புள்ளி ஒன்பதேதான். மீட்டர் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி, குடிக்கிற தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். புள்ளி ஐந்து. ஆக, மீட்டருக்கு ஒன்றுமில்லை. கோளாறு தட்டில் வடிந்த தண்ணீரில்தான்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மொட்டை மாடியில் நடந்த கூத்து இது. செடிகள் என்னுடையவை அல்ல. எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் பொன்செல்வியுடையவை. பன்னிரண்டு பைகள், பன்னிரண்டு குடைமிளகாய்ச் செடிகள். மண் கிடையாது. எல்லாம் கோகோபீட்... அதாவது தேங்காய் நார்த் தூள்.

செல்வி துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். பதினாறு வருஷமாகக் கன்டெய்னர் நம்பரையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சாயர்புரம் பக்கம் ஒரு அண்ணாச்சி தன் பசுமைக்குடிலைக் குத்தகைக்கு விடுகிறார். அதை எடுத்துக் குடைமிளகாய் போட வேண்டும், ஆபீஸுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு முன்னால், நம்ம ஊர் தண்ணீரிலும் வெயிலிலும் இது வருமா என்று மாடியில் ஒரு பரீட்சை. செடி நின்றால் குடில். நிற்காவிட்டால் மறுபடியும் கன்டெய்னர்.

அந்த நேரம் பார்த்துத்தானா சாத்தான்குளத்தில் அவள் அம்மா வழுக்கி விழ வேண்டும்? இடுப்பெலும்பு முறிவு. செல்வி அலறியடித்துக்கொண்டு கிளம்பினாள். பரீட்சை என் கைக்கு வந்தது.

“மதினி, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்று இரண்டு மீட்டரையும் ஒரு தாளையும் கொடுத்தாள்.

தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. நார்த் தூளில் செடிக்குச் சாப்பாடு எதுவும் கிடையாது. நாம் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதுதான் சாப்பாடு. அதில் உரம் எவ்வளவு கெட்டியாகக் கரைந்திருக்கிறது என்று சொல்வது ‘இ.சி.’ மீட்டர் – இரண்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அப்புறம் ‘பி.ஹெச்.’. நம்ம தண்ணீர் எட்டை நெருங்கி நிற்கும். ஆசிட் சொட்டுவிட்டு, ஆறுக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால், இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு வாயைக் கட்டின கதைதான்.

கையுறை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டேன். நான் அவ்வளவு கவனம்!

கடைசி வரி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ‘ஒவ்வொரு தடவையும் ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு அடித்தட்டில் வடிய வேண்டும். வடிந்ததைக் கொட்டிவிடவும்.’

கொட்டுவதா? தூத்துக்குடியிலா? குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்து விருந்தாளியைக் கூப்பிடுகிற ஊர் இது. அரிசி களைந்த தண்ணீர் வாழைக்கு, துணி அலசின தண்ணீர் பாத்ரூமுக்கு என்று பழகினவள் நான். உரம் போட்டு, மருந்து மாதிரி அளந்து கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விடச் சொன்னால்...? சின்னப் பிள்ளை, விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டேன். தட்டில் வடிந்ததை எடுத்து அதே பையில் திரும்ப ஊற்றினேன். காலையும் மாலையும். ஒரு சொட்டு வீணாகவில்லை. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

பன்னிரண்டாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்த தோசை மாதிரி ஆனது. அடக் கடவுளே, பசியோ என்னவோ என்று ஒரு ஸ்பூன் உரம் கூடப் போட்டேன். இன்னும் கருகியது. இன்னொரு ஸ்பூன் போட்டேன்! கடைசியில் பயந்துபோய் போட்டோ எடுத்துச் செல்விக்கு அனுப்பினேன். ‘சரி மதினி’ என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் போன்.

“குடில் வேண்டாம்னு அண்ணாச்சிக்கிட்ட சொல்லிட்டேன் மதினி. நம்ம ஊரு தண்ணிக்கு இது சரிப்பட்டு வராது. நீங்க வருத்தப்படாதீய. எவ்வளவு பாத்துக்கிட்டிய...”

அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது. திங்கட்கிழமை வேறு ஒருவர் குடிலைப் பேசி முடிக்க வருகிறாராம். எனக்கு மனசே ஆறவில்லை.

ஞாயிறு காலை வழக்கம்போலத் தட்டை எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். முப்பது வருஷம் உப்பளத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். பையின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“ஏளா, என்ன செய்யுத?”

“வடிஞ்ச தண்ணிய வீணாக்காம ஊத்துதேன்.”

“எத்தன நாளா?”

“பதினெட்டு நாளா.”

“பாத்தியில தண்ணியக் கட்டி வெயில்ல போட்டா கடைசில என்ன மிஞ்சும்?”

“உப்பு.”

“பொறவு?”

பொறவென்ன பொறவு! அப்போதுதான் மீட்டரை எடுத்துத் தட்டில் வைத்தேன். ஆறு புள்ளி ஒன்பது. உரமும் ஒரு வகை உப்புதானே? செடி தண்ணீரைக் குடித்துவிடும், மீதி உப்பு அப்படியே நாரில் தங்கும். அதைக் கழுவி வெளியே தள்ளத்தான் கூடுதல் தண்ணீர். நான் என்னடாவென்றால், வெளியே வந்ததைப் பிடித்துப் பிடித்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். அதுவும் பத்தாது என்று மேலே ஸ்பூன் ஸ்பூனாக உரம். உப்பளத்துக்காரர் பெண்டாட்டி நான்... வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த நிமிஷம் ஒரு அசிங்கமான யோசனை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். பழி ஏற்கெனவே தண்ணீர் மேல் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? செல்வியே நன்றி சொல்லிவிட்டாளே!

பத்து நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போட்டேன்.

“செல்வி, செடியக் கெடுத்தது நாந்தான். வடிஞ்சதக் கொட்டவேயில்ல. திரும்பத் திரும்ப அதையே ஊத்திட்டேன்.”



“ஒரு நாளாச்சும் கொட்டுனியளா?”

“இல்ல.”

“உரம் எதுவும் கூடப் போட்டியளா?”

“ஒரு ஸ்பூன்... ரெண்டு தடவ.”

திட்டப் போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

“அப்ப... நம்ம தண்ணி மேல குத்தமில்லையா மதினி?”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கோபமில்லை, வருத்தமில்லை... இந்தப் பெண் சந்தோஷப்படுகிறாள்!

“வைங்க வைங்க, அண்ணாச்சிக்குப் போன் போடணும்.” டொக்கென்று வைத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். இந்தத் தடவை ஆபீஸர் குரல். “வெறும் தண்ணிய ஊத்திராதீய. உரத்தப் பாதியாக் கரச்சு, பி.ஹெச். சரிபண்ணி, தட்டுல வடியிறது ரெண்டரைக்கு எறங்குற வரைக்கும் ஊத்துங்க. வடிஞ்சத...”

“கொட்டிருதேன் தாயி!”

குடம் குடமாக ஊற்றினேன். குடம் குடமாகச் சாக்கடைக்குப் போனது. ஒவ்வொரு குடத்துக்கும் எனக்கு வயிறு எரிந்தது. மீட்டர் ஐந்து என்றது, நாலு என்றது... மத்தியானத்துக்குள் ஒருவழியாக ரெண்டரைக்கு இறங்கி நின்றது. மூன்று செடி பிழைக்கவில்லை. மற்ற ஒன்பதும் ஒரே வாரத்தில் புதுத் தளிர் விட்டன.

கெட்ட பழக்கம் என்றால் நாமே கொஞ்சம் உஷாராக இருப்போம். நல்ல பழக்கத்தை யார் சந்தேகப்படுகிறார்கள்? சிக்கனம், பாசம், கவனம் – இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் பதினெட்டு நாளில் ஒருத்தியின் ஆசையை மண்ணாக்கப் பார்த்தேன்.

போன வாரம் செல்வி ஊரிலிருந்து வந்தாள். அம்மா வாக்கரைப் பிடித்து நடக்கிறார். குடில் அவளுக்குத்தான், அண்ணாச்சி மற்றவரிடம் இல்லையென்று சொல்லிவிட்டார். ஆபீஸில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாகிவிட்டது.

“வேலைக்கு ரெண்டு ஆளு வேணும் மதினி, தெரிஞ்சவுங்க இருந்தா சொல்லுங்க” என்றாள்.

“நானே வாரேன் ளா” என்றேன், ஆசை ஆசையாக.

“தாராளமா வாங்க மதினி. தண்ணிப் பக்கம் மட்டும் வந்திராதீய.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால், சொன்னாள்!