சின்னத்தொரைக்கு ஒரு தனிக் கோடு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கக் கற்பூர மரச் சருகு எரியும் வாசனை அடிக்கும். அன்றும் அப்படித்தான். காலையில் துணி துவைத்தேன், மதியம் விறகு பொறுக்கினேன், வானொலிச் செய்தி நேரத்துக்குக் கரித்துண்டோடு கதவருகே வந்து நின்றேன். இலங்கையிலிருந்து குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்து இரண்டாவது வருடம் அது.

ஆசிய நாடுகளுக்கிடையே ரக்பிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. எங்கள் லயத்தில் அந்த முட்டை வடிவப் பந்தை நேரில் பார்த்தவர் அப்பா மட்டுமே. இலங்கையில் தொரைமார் கிளப்பின் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் நான்கு புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இரண்டு, தண்டனை உதைக்கு மூன்று என்று அவர் சொல்லச் சொல்ல, நான் கதவில் நாடுவாரியாகக் கட்டம் போட்டு முடிவுகளை எழுதிவந்தேன். ஒரு கோடு மட்டும் எந்த நாட்டுக்கும் உரியதல்ல. "அவனுக்குத் தனியா ஒண்ணு இழு" என்று அம்மா கேட்டுப் போட்டது.

அவன் எங்கள் பழைய தோட்டத்தின் உதவி நிர்வாகி, "சின்னத்தொரை". இலங்கை அணியில் பந்து உதைப்பவன். எங்களை இந்தியாவுக்கு அனுப்பும் கப்பலுக்கு நாள் குறித்தபின், நிறைமாதமாக இருந்த அம்மா பிரசவம் வரை தங்க அனுமதி கேட்டாள். அவன் மறுத்து, நாங்கள் குடியிருந்த காம்பராவைத் தன் கையாலேயே பூட்டினான். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் விட்டுச் செல்லும் "பிள்ளைக்காம்பரா"வின் தாழ்வாரத்தில், அடைமழையில், தம்பி பிறந்தான். ஒரு பகல் இருந்தான்.

அதனால்தான் அம்மா ரோதை முனிக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தாள். தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தில் குடியிருக்கும் அந்தச் சாமியை எங்கள் ஆட்கள் மனத்தில் சுமந்து வந்து இங்கே ஒரு கல்லாக நட்டிருந்தார்கள். சின்னத்தொரை தோற்க வேண்டும் என்பதே நேர்த்தி. தோற்ற மறுநாள் அடுப்பு மூட்டும் முன் சேவல் அறுபட வேண்டும். சேவலுக்கும் "சின்னத்தொரை" என்றே பெயர். பக்கத்துக் காம்பரா கருப்பையா மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம், "சலாம் தொரை! தொடையை நல்லா வளத்து வச்சிருக்கீங்க" என்பார்.

அன்று கடைசி ஆட்டம். இலங்கை படுதோல்வி என்று செய்தி வந்ததும் லயமே கூச்சலிட்டது. வேலையை விட்டு அனுப்பும்போது தோட்டத்தில் தரும் சீட்டை நினைத்துக் கருப்பையா மாமா கத்தினார்: "தொரைக்குப் பத்துச்சீட்டு குடுத்தாச்சு! தங்கச்சி, மசாலாவ அரை!"

நானும் குதித்தேன். அம்மா மட்டும் அசையவில்லை. "அவன் கோட்டுல என்ன இருக்கு, பாரு."

பார்த்தேன். இலங்கை எடுத்த புள்ளிகள் எல்லாமே அவன் காலிலிருந்து வந்தவை. உதைத்ததில் ஒன்றும் தவறவில்லை என்று வானொலிக்காரர் வேறு புகழ்ந்திருந்தார்.

"அப்ப அவன் தோக்கல. நாடுதான் தோத்துச்சு" என்றாள் அம்மா.

"பதினஞ்சு பேரும் ஒண்ணாத்தான் தோக்குறது, புள்ள" என்றார் அப்பா. "வெளையாட்டு அப்புடி."

"நம்ம காம்பராவப் பூட்டுனது பதினஞ்சு பேரா?"

மாமா விடவில்லை. "முனி என்ன, ரூல் பொஸ்தகமா பாக்கப் போவுது? அறுத்துப்புடு தங்கச்சி."

"அறுத்துட்டா நேர்த்தி முடிஞ்சு போச்சுண்ணே. அப்புறம் அவன எத வச்சுக் கேக்குறது?"

அந்த லயம் இன்று இல்லை. இடித்தபோது கதவை யாரோ விறகுக்கு எடுத்துப் போனார்கள். முனியின் கல் இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். எந்த நாட்டு ரக்பி முடிவும் இப்போது கைபேசியிலேயே வந்துவிடுகிறது. நானும் தவறாமல் பார்க்கிறேன். அவனை மன்னிக்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, அடுப்பு மூட்டும் முன், அம்மா சேவலைக் கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கிச் சேவலின் கால்கட்டை அவிழ்த்தாள். தன் பங்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்து அதன் முன்னே போட்டாள்.

"தின்னு" என்றாள். "அடுத்த போட்டி வரைக்கும் நீ உசுரோட இருக்கணும்."