அக்கா கேட்ட வண்டி எழுத்து

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "வண்டி எழுத்து என்னடி?"

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு பறந்த ஆம்புலன்ஸின் நம்பர் பிளேட்டில் என்ன எழுத்து என்று கேட்டாள். மூச்சுக்கே தட்டுப்பாடான நேரத்தில் இருந்த கொஞ்ச மூச்சையும் இதற்குச் செலவழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர், என் மச்சான், காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிதற்றல் இல்லை என்று எனக்குத் தெரியும். பதறிக்கொண்டு பின்கதவு வழியாக ஏறியவள் எழுத்தையா பார்த்திருப்பேன்? "பாக்கலக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "எறங்குனதும் பாத்துட்டு வந்து சொல்லு. நீ முந்திறாத" என்றாள்.

அது எங்கள் விளையாட்டு. நாங்கள் இருவருமே தமிழ் மீடியம். இங்கிலீஷ் என்றாலே நான் ஓடி ஒளிவேன். "அது என்ன புலியா? இருவத்தாறு எழுத்து, அம்புட்டுத்தான்" என்பாள் அக்கா. மாமி வீட்டுக்குக் கொடைரோடு போகும் பஸ்ஸில், ஜன்னலோரத்தில் இருந்தபடி இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட்டில் டிஎன் போக இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அந்த இரண்டும், அதே வரிசையில், எங்காவது ஒளிந்திருக்கிற ஓர் ஆங்கில வார்த்தையைச் சொல்ல வேண்டும். நடுவில் வேறு எத்தனை எழுத்து வந்தாலும் குற்றமில்லை. எம்மும் கேயும் வந்தால் நான் 'மார்க்கெட்' என்று பெரிதாக எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். அதற்குள் அவள் 'மில்க்' என்று முடித்துவிட்டு, முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடிப்பாள். ஜெயித்ததற்கு அதுதான் முத்திரை. சியும் ஆரும் போட்ட காரைப் பார்த்து 'கார்' என்றே சொல்லி ஒருமுறை ஜெயித்தாள். அதைவிட அக்கிரமம் உண்டா!

முதலில் சொன்னவருக்கு அந்த வண்டி சொந்தம். சொந்தக்காரர் தன் வண்டிக்கு ஓர் உத்தரவு போடலாம், ஒன்றே ஒன்று. சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் அக்காவுக்கு நாலைந்து லாரியும் ஒரு போலீஸ் ஜீப்பும் சேர்ந்திருக்கும். "என் லாரி, ஒதுங்கு!" என்பாள். அது தற்செயலாகக் கொஞ்சம் ஒதுங்கிவிட்டால் போதும், அன்று முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியாது. எனக்கு வாய்த்ததெல்லாம் டிவிஎஸ் ஃபிப்டியும் பழைய வேனும்தான். அவையும் என் பேச்சைக் கேட்டதில்லை.

கல்யாணம் ஆகி, மச்சானோடு பிரியாணிக் கடையில் நின்ற காலத்திலும் அவள் இதை விடவில்லை. பார்சல் வாங்க வருகிறவர்களின் பைக்குகளைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் அடிப்பாள். சலாம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "பி, எக்ஸ். சொல்லுடி." நான் யோசிப்பதற்குள், "பாக்ஸ். வச்சிரு" என்று வைத்துவிடுவாள். இரண்டு பிள்ளை பெற்றவள் செய்கிற வேலையா இது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்ளும். எனக்கு அந்த அரை நிமிடப் போன் இல்லாத நாள், உப்பில்லாத வெஞ்சனம் மாதிரி இருக்கும்.

மதுரை ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மச்சான் கூடவே ஓடினார். நான் எதிர்த் திசையில், வாசலுக்கு ஓடினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. பி, டபிள்யூ. அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே மாடி ஏறினேன். அதற்குள் அக்காவைக் கொண்டுபோன வார்டின் கதவைச் சாத்திவிட்டார்கள். செத்த நேரம் பொறுங்கள் என்றார் ஒரு நர்ஸ். பொறுத்தேன். அக்கா கண் விழிக்கவேயில்லை. அவளை வேறொரு வண்டியில் கொண்டுவந்தோம். அந்த வண்டியின் எழுத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுகிறாள். என் மனம்தான் சொல்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் குரல் அவளுடையது. அவசரக் குரல், முடிவில் ஒரு சின்னச் சிரிப்போடு. முதலில் பயமாக இருந்தது. இன்றும் பயம்தான். என்றாவது நின்றுவிடுமோ என்ற பயமும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது.

பியும் டபிள்யூவும் வந்தால் மட்டும் அவள் பேசுவதில்லை. நான்தான் அவளிடம் அதைச் சொல்லவே இல்லையே. எனக்கு அந்த இரண்டு எழுத்துக்கு ஏழெட்டு வார்த்தை தெரியும். ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை. முந்தாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வண்டி கைக்கு வந்திருந்தால் என்ன உத்தரவு போட்டிருப்பாள்? 'சீக்கிரம் போ' என்றா, 'வீட்டுக்குத் திருப்பு' என்றா? இந்த ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

போன வாரம் மதுரைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கொடைரோடு டோல்கேட்டில் வரிசை நகரவில்லை. சைரன் அலற, ஓர் ஆம்புலன்ஸ் இடுக்கில் நுழைந்து என் ஜன்னலுக்கு நேர் முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. பின்கதவுக் கண்ணாடியில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது, யார் மேலோ குனிந்திருந்தாள். கீழே பி, டபிள்யூ. அதே வண்டியா என்று தெரியாது. அன்று நான் எண்ணைப் பார்க்கவில்லை.

அக்காவுக்காகக் காத்திருந்தேன். சொல்லுக்கா, உன் வண்டி, சொல்லு என்று மனத்துக்குள் கெஞ்சினேன். சத்தமே இல்லை. உள்ளே குனிந்திருந்தவள் நிமிரவும் இல்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்போ" என்றேன். முழங்கைக்கு இங்கிலீஷ். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டு அம்மா, "என்னத்தா சொன்ன?" என்று திரும்பினாள்.

"ஒண்ணுமில்லம்மா."

வண்டி இப்போது என்னுடையது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, எனக்குப் பாத்தியப்பட்ட அந்த ஒரே உத்தரவைப் போட்டேன். "ஏத்திட்டுப் போற ஆளோட திரும்பி வா."

யாரோ ஒரு காரைப் பின்னால் எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வளைந்து வெளியேறி மதுரைப் பக்கம் ஓடி மறைந்தது. அது விட்ட இடத்தில் ஒரு தக்காளி லாரி வந்து நின்றது. நான் அதன் எழுத்தைப் படித்து முடிக்கவில்லை, அக்கா சொல்லிவிட்டாள். விலாவில் ஓர் இடி விழுந்தது.