நொட்டாங்கை மனு

சிறுவயதில் என் இடது கை ஒரு குற்றவாளி. எங்கள் ஊர்ப் பேச்சில் அது நொட்டாங்கை. சிலேட்டுக் குச்சியோ கரண்டியோ, எதை எடுக்கவும் அந்தக் கைதான் முந்திக்கொண்டு நீளும். நீண்டால் அப்பாவின் மர ஸ்கேல் விரல் முட்டியில் விழும். "பொண்ணு நொட்டாங்கையால பரிமாறுனா எவன் உக்காந்து சாப்பிடுவான்?" என்பார். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் என்னைச் சோற்றுக் கைக்குத் திருப்பிவிட்டார். நடுவிரல் முட்டியில் ஒரு தழும்பு மட்டும் மிச்சம்.

அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மனு எழுதுகிற வேலை. ஆட்சி மாறி, குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைச் சாகுபடிதாரராகப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். பதிவதற்குள் வெளியேற்றிவிடப் பார்க்கிற மிராசுதார்களும், கொடி பிடித்து வருகிற குத்தகைக்காரர்களுமாக ஊரே கொதித்துக் கிடந்தது. அப்பா இரண்டு தரப்புக்கும் எழுதினார். இரண்டு மனுவிலும் கண்ணீர் ஒரே அளவுதான். அவருடைய கையெழுத்தைத் தாசில்தார் கண்ணாடி போடாமலே படிப்பார் என்று பேர்.

ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்லத் திரும்பியது. கை திரும்பவே இல்லை. வாய் தப்பித்தது. அதில் அம்மாவுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், கை கால் விழுந்தவர்களைப் பழக்கி மறுபடி வேலைக்கு அனுப்புவதற்கென்றே ஓர் அக்கா இருந்தார். டாக்டர்கள் எல்லாம் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அக்கா மட்டும், "என்ன வேலை பாத்தீங்க? எப்படி உக்காந்து எழுதுவீங்க?" என்று கேட்டார். அப்பா அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இடது கையால எழுதலாங்க. நான் பழக்கிவிடுறேன்" என்றார் அக்கா.

பேனாவில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடிக்கத் தோதாகத் தடிமனாக்கிக் கொடுத்தார். காகிதம் நகராமலிருக்கக் கிளிப் வைத்த பலகை ஒன்று. போதாதென்று தாலுகா ஆபீசுக்கே போய், அப்பா உட்காருகிற மூலையை அளந்து, அங்கே மேசை போட்டுக்கொள்ளத் தலைமைக் குமாஸ்தாவிடம் அனுமதி கேட்டார். "பொங்கல் வரைக்கும் அந்த எடத்த யாருக்கும் விட மாட்டேன். அதுக்கு மேல என்னால தாங்க முடியாதும்மா" என்று குமாஸ்தா கெடு வைத்தார். அந்த மூலை போனால் எங்கள் வீட்டு அடுப்பும் போச்சு.

மார்கழி பிறந்தும் அப்பாவின் கை மசியவில்லை. எழுதிய வரியின் மேலேயே கை இழுபட்டு மையெல்லாம் ஈஷிக்கொண்டது. ஆஸ்பத்திரி மேசையில் அதைப் பார்த்த அக்கா தலையைச் சொறிந்தார். "எனக்குச் சோத்தாங்கைதான் பழக்கம். நொட்டாங்கையோட சூட்சுமம் அதுல எழுதுறவங்களுக்குத்தான் தெரியும். வீட்ல நொட்டாங்கைக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கெடையாது" என்றார் அப்பா. நானும் பலமாகத் தலையாட்டினேன்.

ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா! மேசையிலிருந்து உருண்ட பேனாவைத் தரையில் விழுமுன் லபக்கென்று பிடித்துவிட்டது. சாட்சாத் நொட்டாங்கை. அக்கா பார்த்தார். அப்பாவும் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"நீ எழுதும்மா" என்றார் அக்கா. நான் மாட்டேன் என்றேன். எழுதினால் வீட்டில் ஸ்கேல் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பலகையை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் காட்டு. அப்பா பாத்துக்கிறேன்."

அழுதுகொண்டே எழுதினேன். காகிதத்தின் தலையை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து, கையை வரிக்குக் கீழேயே வைத்து எழுத வேண்டும். கொல்லையில் ஒளிந்து எழுதி நானாகக் கண்டுபிடித்த வித்தை அது. மை ஈஷவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் எழுத, அப்பா பார்த்து எழுதினார். காகிதம் நேராகிவிட்டால் "ம்ஹும்" என்பேன். ஸ்கேல் ஒன்றுதான் என் கையில் இல்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா தன் மூலைக்குத் திரும்பினார். அக்காவும் நானும் கூடப் போயிருந்தோம். முதலில் வந்தவர், அப்பா எந்தக் கையில் பேனாவை எடுத்தார் என்று பார்த்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "நெலத்து விஷயங்க. நொட்டாங்கையால எழுதுனா வெளங்குமா?" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு என் கையின் மேலேயே ஆத்திரம் வந்தது.

பின்னால் நின்ற பெரியவர் நகரவில்லை. ஏறக்குறைய ஒரு ஏக்கர் வரும் மூன்று மா குத்தகை நிலத்தை விட்டுப் போகச் சொல்கிறார்களாம். பெயர்கூட எழுதத் தெரியாத மனிதர். தன் இடது பெருவிரலை அப்பாவுக்கு நேரே நீட்டினார்.

"கைநாட்டு வைக்க சர்க்காரே இந்த வெரலத்தானங்க கேக்குது? இது வெளங்குறப்ப அது மட்டும் வெளங்காதா? நீங்க எழுதுங்கய்யா."

அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. தாசில்தார் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு சொல்லிலும் மை ஈஷவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முட்டியிலிருந்த தழும்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வந்தார். ஸ்கேல் காலத்துப் பழக்கத்தில், நொட்டாங்கையில் மை ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கிறார் போலிருக்கிறது என்று நான் பயந்துபோனேன். கையை வெடுக்கென்று உருவிப் பாவாடையில் துடைத்து, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.