வரிசை மாறிய தொகையீடு

நவி மும்பை வாஷியில் கல்லூரிப் பாடம் நடத்தி முடித்துவிட்டு ரயிலில் வரும்போதுதான் அந்தத் தப்பு கண்ணில் பட்டது. நானும் மாதுங்காவில் இருக்கும் என் தோழியும் சேர்ந்து எழுதி, பத்திரிகைக்கு அனுப்பிவிட்ட கணிதக் கட்டுரை அது. அதை வைத்துத்தான் அவள் ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அன்று புதன்.

எங்கள் விஷயம் அடுக்குத் தொகையீடு. மாடுலர் வடிவம் என்ற வகைச் சார்பு ஒன்றைத் தொகையிட்டு, வந்ததை இன்னொன்றால் பெருக்கி, மறுபடி தொகையிட வேண்டும். பாலிலாகரிதம் என்ற சார்பும் இப்படி அடுக்கி வருவதுதான். எது முதலில் என்பது மாறினால் விடையே மாறிவிடும். அந்த வரிசையைச் சிலர் இடமிருந்து எழுதுவார்கள், சிலர் வலமிருந்து. மூன்றாவது லெம்மாவில், அதாவது துணைத் தேற்றத்தில், நான் இரு தரப்பாரின் சூத்திரங்களையும் ஒரே நிரூபணத்தில் கலந்திருந்தேன். கணினியில் சரிபார்த்தபோது, சோம்பலில் ஒரே வடிவத்தையே இரண்டு முறை போட்டேன். அப்படிப் போட்டால் எந்த வரிசைக்கும் ஒரே விடைதான் வரும், தப்பு தெரியாது. எல்லாம் சரி என்று அவளிடம் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

என் வீடு செம்பூரில். அங்கே இறங்காமல், வடாலாவில் வண்டி மாறி, மாதுங்காவில் அவள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான கிங்ஸ் சர்க்கிள் போனேன். உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை.

அவள் கொடுத்த காபியைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்டி. போன வாரமே பாத்துட்டேன்."

நான் வளர்ந்தது தாராவியில், திருநெல்வேலிக்காரர்கள் நடுவே; கோபம் வந்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். "தெரிஞ்சுமா ஏட்டி வாய மூடிட்டு இருந்த? இப்பவே பத்திரிகைக்கு லெட்டர் போடுதேன்."

"தப்பு உன்னோடது. இன்டர்வியூ என்னோடது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ."

சரி என்றேன். அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் எழுதியதையே அழித்து அழித்து எழுதினேன். பொய் சொல்லி வேலை வாங்கப்போகிறாள், அதற்கு நானும் உடந்தை என்று மனம் கொதித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்தாள்.

"மூணாவது லெம்மா தப்புன்னு போர்டுல நானே எழுதிக் காமிச்சேன். என் வாயால சொல்லணும்னுதான் உன்னைப் பொறுக்கச் சொன்னேன். இனிமே லெட்டர அனுப்பு."

"யாரு செஞ்ச தப்புன்னு கேட்டாவளா?"

"ம். ரெண்டு பேரும்தான்னேன்."

எழுதி வைத்திருந்த கடிதத்தில் 'நாங்கள்' என்பதை 'நான்' என்று மாற்றி அனுப்பினேன். வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.