மாமாவின் கை நடுக்கம் நின்ற மாதம்

என் மாமனார் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோயால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கும். புது மாத்திரை தொடங்கியதும் நடுக்கம் அடங்கியது.

"அம்மணி, இன்னொன்னு குடு கண்ணு. கை நல்லா ஓடுது" என்பார். மறுப்பது மரியாதையில்லை என்று, டாக்டர் எழுதியதற்கு மேல் தினமும் ஒன்று கொடுத்தேன்.

பிறகு அயர்ன் பாக்ஸைக் கழற்றினார், பூட்டினார், மறுபடியும் கழற்றினார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழவில்லை. "மாமா தேறிப்போட்டாருங்க" என்று துடியலூர்ச் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு நாள் மாவு கிரைண்டரையும் பிரித்து, ஒயரை மாற்றிப் பூட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாது. ஸ்விட்சைப் போட்டபோது கரண்ட் இல்லை, அணைக்க மறந்தேன். மூன்று வயது மகள் கிரைண்டரைக் கட்டிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். சோறூட்ட அவளைத் தூக்கிப் போனேன். கரண்ட் வந்து கல் சுற்றியது. அரிசியைப் போடப் போய்க் கை பட்டதும் ஷாக் அடித்துச் சுவரோரம் போய் விழுந்தேன்.

"இப்பச் சரி பண்ணிப்போடறேன் கண்ணு" என்று மாமா ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"மாத்திரை அதிகமானா மனசு ஒரே வேலையில மாட்டிக்குமுங்க. யாரு சேத்திக் குடுத்தது?" என்று, மறுநாள் மாமாவைக் கூட்டிப் போனபோது டாக்டர் கேட்டார்.

"நான்தானுங்க" என்றேன்.

மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். இப்போது எழுதியதற்கு மேல் கொடுப்பதில்லை. மாமா நாள் முழுக்க என்ன செய்தார் என்று குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுகிறேன்.

நேற்று கை நடுங்கி மோரைச் சிந்திவிட்டார். துடைக்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருக்கலாமா என்று தெரியவில்லை.