திருத்திய வாக்கும் ஒரு பொன்னாடையும்

பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் ஒரு வசதி உண்டு. வாக்கைப் பிழையாகப் போட்டுவிட்ட உறுப்பினர், தான் உண்மையில் எப்படிப் போட விரும்பினார் என்று பிறகு பதிவு செய்துகொள்ளலாம். அவருடைய பெயர் சுத்தமாகிவிடும். வாக்கெடுப்பின் முடிவு மட்டும் மாறாது. இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பத்து வயதில் தெரியாது.

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. சித்தப்பா பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருக்கு விசா இல்லை. அவரைப் போன்ற சமையலறைத் தொழிலாளருக்கு வதிவிட அனுமதி கொடுக்கும் சட்டப்பிரிவு ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. நிறைவேறினால் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தியையும் அவருடைய மகனையும் கூப்பிட்டுவிடலாம் என்று வீடே நம்பியிருந்தது. எங்கள் தொகுதி உறுப்பினரும் தேர்த் திருவிழாவுக்கு வந்து, தேங்காய் உடைத்து, ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிரிவு தோற்றது. எதிர்த்தவர்களில் அவரும் இருந்தார்.

மறுநாள் மனிதர் தானே கடைக்கு வந்துவிட்டார். பொத்தானை மாறி அழுத்திவிட்டாராம். திருத்தம் வெளியாகியிருந்த நாடாளுமன்றப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து நீட்டினார். அப்பா என்னை வாசிக்கச் சொன்னார்.

“ஆதரவா வாக்களிக்க விரும்பினவர் எண்டு போட்டிருக்கு அப்பா.”

வந்த பெரிய மனிதரை வெறுந்தோளோடு அனுப்புவது எங்கள் ஆட்களுக்கு ஆகாத காரியம். அதற்கென்றே அப்பா கல்லா மேசைக்குள் பொன்னாடை வைத்திருப்பார். போர்த்துவதற்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“நானோ அண்ணை?”

“ஓம், நீதான். திருத்திப்போட்டார் எல்லே. நாளைக்கு ஒண்டெண்டால் அவரிட்டைத்தானே போகவேணும்.”

சித்தப்பா போர்த்தினார். படமும் எடுத்தார்கள். அதில் உறுப்பினர் நன்றாகச் சிரிக்கிறார். இப்போது அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது.

அன்றைக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சோதனைப் புள்ளிகளைப் பிழையாகக் கூட்டினால், போய்ச் சொன்னதும் திருத்திப் புள்ளி போடுவார். நாடாளுமன்றமும் அப்படித்தான் என்று நினைத்து, உறுப்பினர் வாசலைத் தாண்டுமுன்பே சித்திக்குப் போன் எடுத்தேன்.

“சித்தி, அவர் வாக்கை மாத்திப்போட்டார்!”

“மெய்யே பிள்ளை? அப்ப நாங்கள் எப்ப வெளிக்கிடுறது?”

போனைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். கை ஈரம், பிறகு கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் உணவகத்துக்குப் போய்விட்டார். பொன்னாடை போர்த்திய கை எப்படி ஈரமாக இருக்கும்? இவ்வளவு நல்ல சேதியைச் சொல்லாமல் அவர் ஏன் பொய் சொல்லித் தப்பினார் என்று எனக்கு விளங்கவேயில்லை.