கூட்டிப் போக யாரும் வரவில்லை

ஒட்டீலியாவின் அப்பா பெலர்மீனோ ஒருநாள் விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் வேலை பார்த்த கம்பளி ஆலை மூடி முப்பது வருடம் ஆகிறது. சாயப்பட்டறை இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழக நூலகம். அதன் காவலாளி கைபேசியில் கூப்பிட்டபோது ஒட்டீலியா பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளின் சூப்புக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா இங்கதான் இருக்கார்மா. நேரத்துக்கு வந்துட்டேன், சம்பளத்துல பிடிச்சிடாதீங்கங்கறார்" என்றான் காவலாளி. பின்னால் மாணவர்கள் சிரிப்பது கேட்டது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சுவிட்சர்லாந்துக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. அம்மா போனபிறகு அப்பாவைத் தன்னோடு கூட்டி வந்திருந்தாள். போர்ச்சுகலில் உள்ள கொவில்யா, மலைச்சரிவில் ஏறிக்கிடக்கும் ஊர். அதில் அவள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காவலாளி கூப்பிட்ட நாளிலிருந்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் அவர் ஜன்னலைத் திறந்து, "என்னைக் கடத்தி வெச்சிருக்காங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். போலீஸ் வந்தது.

தேவாலயம் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பெயர் எழுதி வைத்தாள். அங்கிருந்த எழுத்தர் விரலால் பட்டியலைத் தடவிக்கொண்டே போனார்.

"நூத்தி முப்பத்தெட்டாவது ஆள்மா."

"எவ்வளவு நாளாகும் சார்?"

"உள்ள இருக்கறவங்க மனசு வெக்கணும். இந்தத் தடவை குளிர் ரொம்ப லேசாப் போயிடுச்சு. ஒருத்தரும் கிளம்பலை."

தனியார் இல்லத்தில் உடனே இடம் இருந்தது. மாதம் ஆயிரத்து நானூறு யூரோ. அப்பாவின் ஓய்வூதியத்தையும் அவள் சம்பளத்தையும் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது. பிரான்ஸில், லியோன் நகரத்தில் கொத்தனாராக இருக்கும் தம்பி அபீலியோவைக் கூப்பிட்டாள்.

"எனக்கே முதுகு போயிடுச்சுக்கா. மாசம் நூறு அனுப்பறேன்."

"நூறுல அவருக்கு டயப்பர்தாண்டா வரும்."

"அப்ப நீ வேலைய விட்டுட்டுப் பாத்துக்கயேன். பொண்ணுதானே நீ."

"பொண்ணுன்னா பசிக்காதாடா?"

இரண்டு மாதம் நூறு வந்தது. மூன்றாம் மாதம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

பாதி விலைக்கு வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். பெயர்ப்பலகை இல்லாத வீடு. கூடத்தில் பதினோரு கிழங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒருவரின் இடுப்பைப் படுக்கைத் துணியைக் கிழித்து நாற்காலியோடு கட்டியிருந்தது. முடிச்சு முதுகுப்பக்கம். எட்டாத கையால் அவர் அதைத் தேடிக்கொண்டே இருந்தார். "விழுந்துடக்கூடாதுன்னுதான்" என்றாள் வீட்டுக்காரி, கனிவாகவே. இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஒட்டீலியா வெளியே ஓடிவந்தாள்.

நவம்பரில் அப்பா படிக்கட்டில் உருண்டார். பூட்ட மறந்தது அவள்தான். இடுப்பெலும்பு முறிந்து, மாவட்ட மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாவது வாரம், "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். இனி அவரால் படி ஏற முடியாது. இரண்டு பேர் தூக்கித்தான் கழிவறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சமூகநலப் பிரிவில் கிராசியெத் என்ற அதிகாரி இருந்தாள். ஒட்டீலியாவைவிட இளையவள், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. ஒட்டீலியா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அரசாங்கம் நேரடியா இடம் குடுக்கறது ஆளே இல்லாதவங்களுக்குத்தாங்க. நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, அவருக்கு ஆள் இருக்குன்னு ஆயிடும். அப்புறம் அந்தப் பட்டியல்தான்."

"கூட்டிட்டுப் போகலைன்னா?"

கிராசியெத் மேசையில் இருந்த பேனாவை மூடினாள், திறந்தாள். "யாரும் வராத பெரியவங்கள நாங்க தெருவுல விட முடியாது. எங்கயாவது இடம் தேடித்தான் ஆகணும்." பேனாவைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை."

"புரியுது மேடம்."

"வந்து வந்து பாத்துட்டுப் போனாலும் ஆள் இருக்குன்னுதான் எழுதுவாங்க."

"அதுவும் புரியுது."

வியாழக்கிழமை ஒட்டீலியா பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள். இரண்டு மணிக்கு அண்டாக்களைத் தேய்த்தாள். தேய்த்து முடித்ததையே மறுபடியும் தேய்த்தாள். இரண்டேகாலுக்குக் கைபேசி அடித்தது. அதை மேலங்கிக்குள் சுருட்டி அலமாரியில் வைத்தாள். அன்று ஒன்பது தடவை அடித்தது. மறுநாள் ஆறு. சனிக்கிழமை வார்டு நர்ஸ் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள்: "நீங்கள்லாம் மனுஷங்களா? வியாழக்கிழமையிலேருந்து கோட்டைப் போட்டுக்கிட்டு கட்டில்ல உக்காந்திருக்கார். கழட்டவே விடமாட்டேங்கறார்." கிராசியெத் மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவள் சொன்னபடிதான் நடக்கிறது என்று ஒட்டீலியா அதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

சின்ன ஊர். ஒரு நாள் தலைமைச் சமையற்காரி முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள். "கேட்டியாடி, ஆஸ்பத்திரில ஒரு கிழவர அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்களாம். நாயக்கூட எவனும் இப்படி விடமாட்டான்."

"ஆமா" என்றாள் ஒட்டீலியா.

"உங்கப்பா தேவலாமா?"

"தேறிட்டு வர்றார்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு வண்டிகள் போகும் நேரமாகப் பார்த்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வார்டு வாசல்வரை போனாள். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரின் ரொட்டியைத் தன் கையால் பிய்த்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு நர்ஸ் திரும்பினாள். ஒட்டீலியா அவசரமாகப் படியிறங்கினாள். தூணுக்குப் பின்னால் நின்று அழலாம் என்று நினைத்தாள்; அழுகை வரவில்லை.

பிப்ரவரியில் இடம் கிடைத்தது. வெகு தெற்கே, ஸ்பெயின் எல்லையோரக் கிராமம் ஒன்றில். ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்ட பிறகுதான் அவளுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், ஓய்வூதியம் போக மகள் கட்ட வேண்டிய பங்கு மாதம் இருநூற்று முப்பது யூரோ என்று இருந்தது.

கடிதத்தோடு கிராசியெத்திடம் போனாள். "ஆளே இல்லாதவருக்கு மக மட்டும் எங்கேருந்து மேடம் வந்தா?"

"இடம் குடுக்கறது ஒரு ஆபீஸ், கணக்குப் போடறது வேற ஆபீஸ்ங்க. எதிர்த்து மனு போடலாம்." கிராசியெத் தலையைத் தூக்காமலேயே சொன்னாள். "போட்டா, கூட்டிட்டுப் போக ஏன் வரலைன்னு கேப்பாங்க."

மனு போடவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைக்கப் போனாள்.

அந்த ஊருக்கு மூன்று பேருந்து மாற வேண்டும், ஏழு மணி நேரம். லீவு கிடைத்து, டிக்கெட்டுக்குக் காசு சேர்ந்து அவள் போனபோது செர்ரிப் பழக் காலம் வந்திருந்தது. ஒரு கிலோ வாங்கிக்கொண்டாள். இல்லம் சுத்தமாக இருந்தது. யாரையும் கட்டி வைக்கவில்லை. சமவெளி முழுக்க ஒலிவ மரம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மலை கிடையாது. அப்பாவுக்குத் தன்னை அடையாளம் தெரியாது என்று வழி முழுக்க மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அதை நம்பித்தான் வந்தாள் என்றும் சொல்லலாம்.

அவர் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"எங்கம்மா போயிருந்த?"

"வேலை இருந்ததுப்பா."

பெலர்மீனோ தலையாட்டினார். "அது சரி. சாயம் கொதிக்கறப்ப நடுவுல விட்டுட்டு வரக்கூடாது."

செர்ரியை ஒவ்வொன்றாகத் தின்று கொட்டையை அவள் உள்ளங்கையில் துப்பினார். பேருந்துக்கு நேரமாகி அவள் எழுந்தபோது, அவரும் அங்கே பழகியிருந்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு எண்களை அழுத்தினால்தான் திறக்கும். வேலைக்காரப் பெண் தன் உடம்பால் எண்களை மறைத்துக்கொண்டு, "தாத்தா, உள்ள சூப் ஆறுது, வாங்க" என்றாள். "எம் பொண்ணு நிக்கறா, வழிய விடு" என்றார் அவர். கோபமில்லை; சும்மா விவரம் சொல்வதுபோலச் சொன்னார். ஒட்டீலியா வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது. கதவுக் கண்ணாடியை அந்தப்பக்கமிருந்து அவர் கையால் தட்டும் சத்தம் வாசற்படிவரை வந்தது.

அதன்பிறகு இரண்டு தடவைதான் போக முடிந்தது. அக்டோபரில், நெஞ்சுச் சளியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் செத்துப்போனார். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவைக் கேட்டுவிட்டு, அங்கேயே புதைத்துவிடலாம் என்று அக்காளும் தம்பியும் முடிவு செய்தார்கள். அபீலியோ விமானத்தில் வந்து, வாடகைக் கார் பிடித்து, குழியை மூடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான். நான்கு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் அவனைப் பார்க்கிறாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒரு ஆளத் தெரியாத ஊர்ல கொண்டுவந்து ஏன்க்கா வெச்ச?" என்றான்.

அவள் அவனுடைய சப்பாத்துகளைப் பார்த்தாள். புதுச் சப்பாத்து, சிவப்பு மண் ஒட்டியிருந்தது. பதில் சொல்லத் தொடங்கினால் அந்த வியாழக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும். "பசிக்குது, வா" என்றாள்.

கல்லறைக்கு எதிரே இருந்த கடையில் ரொட்டியும் கருவாட்டுக் கஞ்சியும் சாப்பிட்டார்கள். அபீலியோ தன் முதுகுவலியைப் பற்றிப் பேசினான். காசை அவனே கொடுத்தான். ஐந்து மணிப் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டு, அது கிளம்பும் முன்பே காரை எடுத்துக்கொண்டு போனான்.